அடங்காப்பற்றில் ஐந்து நாள்: மறைந்துபோன ஒரு கட்சியின் தடத்தில்

முதலாம் நாள்: வவுனியா

மதவாச்சியைத் தாண்டியதும் புகையிரதப் பெட்டியின் இரு புறத்திலும் காடு நெருங்கி வந்து, சிறிது தூரத்தில் விலகி, ஒரு குளத்தைக் காட்டிவிட்டு மீண்டும் நெருங்கியது. ஆனி மாதமாகையால் குளங்களில் நீர், நிரம்பி வழியும் வான்கட்டின் மட்டத்துக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. அலைகரைச் சேற்றில் எருமைகள் படுத்திருந்தன. நண்பகலுக்குச் சற்று முன் வவுனியா நிலையத்தில் இறங்கியபோது சோழகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது.

ஐந்து நாள் இலங்கையின் வடபகுதிப் பெருநிலமான வன்னியில் சுற்றுவதென்றும், ஒவ்வோர் இரவும் அன்றைய குறிப்பை எழுதிப் பதிவிடுவதென்றும் எண்ணி வந்திருக்கிறேன். நான் தேடி வந்தது ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்ற கட்சியின் தடத்தை. 1959ஆம் ஆண்டு தோன்றிய அந்தக் கட்சி, மறு ஆண்டு பங்குனித் தேர்தலிலேயே தன் தலைவரின் தொகுதியைப் பறிகொடுத்தது; அதன் பின் அவருடைய கடிதத் தாள்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் மட்டுமே உயிரோடிருந்ததாகச் சொல்லலாம். நிலையத்துக்கு வெளியே நின்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பியிடம், வந்த காரியத்தைச் சொன்னேன். “முன்னணியோ அண்ணை? எந்த முன்னணி?” என்று அவர் கேட்டதில் கேலி இருக்கவில்லை. இந்த நகரம் கண்ட முன்னணிகளின் எண்ணிக்கை அப்படி.

மாவட்டச் செயலகமான கச்சேரிப் பக்கமாகப் போய், பிரித்தானியரை எதிர்த்த பண்டாரவன்னியனின் சிலையைப் பார்த்துவிட்டு, நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். கட்சியைப் பற்றி எழுதுவதானால் அதன் தலைவரைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம்.

செல்லப்பா சுந்தரலிங்கம் 1895ஆம் ஆண்டு ஆவணி மாதம் பிறந்தவர். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பிலும் படித்து, ஒக்ஸ்போர்டு பேலியல் கல்லூரிக்குச் சென்று, சிவில் சேவைத் தேர்விலும் சித்தியடைந்து, அந்த உத்தியோகம் பிடிக்காமல் அதை விட்டுவிட்டுச் சட்டத்தரணியாகவும், பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் இருந்தவர். பிற்காலத்தில் தமிழருக்குத் தனிநாடு கேட்ட இவருடைய அரசியல் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான கதை உண்டு. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசுக் கழக உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும். அந்தத் தலைவர்களே அமைச்சர்கள். 1936இல் ஏழு குழுக்களிலும் சிங்களவர்களே தலைவர்களாக வந்து, ‘தனிச்சிங்கள அமைச்சரவை’ என்று பெயர்பெற்ற ஒன்று அமைந்தது. எந்தக் குழுவில் எத்தனை பேரை எப்படி அமர்த்தினால் அந்த முடிவு வரும் என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் சுந்தரலிங்கமே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இனங்களுக்கிடையில் பேச்சுவார்த்தை மலர வேண்டுமானால் முதலில் சிங்களத் தலைவர்கள் ஒரே குரலில் பேசட்டும் என்று அவர் நினைத்ததாக விளக்கம் கூறுவோரும் உளர். கணக்கு சரியாக வந்தது. அதன் விடைதான் அவர் எண்ணியபடி வரவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் சொந்த ஊரான யாழ்ப்பாணப் பக்கம் நிற்காமல் வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்றார். டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக, வாணிப அமைச்சரானார். அதே அமைச்சரவையில் தபால், தந்தித் துறையை ஏற்ற சி. சிற்றம்பலம், மன்னார்த் தொகுதியிலிருந்து சுயேச்சையாக வந்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்க, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அமர்ந்த இரு தமிழரும் வன்னிப் பெருநிலத்தின் இரு தொகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குடாநாட்டு அரசியலின் பின்கட்டாகவே வன்னியை எண்ணிப் பழகிவிட்ட நமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் உறுத்த வேண்டும்.

இரவு தங்கியது வைரவபுளியங்குளத்தில். மின்விசிறி சுழன்றும் வெக்கை தணியவில்லை.

இரண்டாம் நாள்: செட்டிகுளத்துப் பாதை

மன்னார் வீதியில் செட்டிகுளத்துக்குப் போகும் வழியில் ஒரு குளக்கரைக் கிராமத்தில் என் மாமா இருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணர்; வயது எண்பத்தேழு. நெடுங்காலம் வட்டவிதானையாக இருந்து, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்த்துவைத்தவர். குளத்து மதகான துருசைத் திறக்கும் அதிகாரம் கையில் இருந்த மனிதருக்குக் கிராமத்தில் இருக்கும் மரியாதை, பாராளுமன்ற உறுப்பினருக்கு இருக்குமோ என்பது சந்தேகம். மச்சாள் மொட்டைக்கருப்பன் அரிசிமாப் புட்டும் எருமைத் தயிரும் தந்தார். முற்றத்தில் ஒரு கடகம் நிறையப் பாலைப்பழம் இருந்தது. அதைத் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்து, பேட்டி எடுக்க வந்தவன் முதலில் ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

“அவரோ? படிச்ச மனுசன். கணக்கில புலி எண்டு சொல்லுவினம்,” என்று மாமா தொடங்கினார். “1947இல எனக்கு ஒன்பது வயசு. அப்ப இந்தப் பக்கம் மலேரியா விட்டும் விடாத காலம். டி. டி. ரீ. அடிக்க வந்தவங்களத்தான் அரசாங்கம் எண்டு எங்களுக்குத் தெரியும்.”

அந்தக் காலத்து வவுனியாத் தொகுதியின் பரப்பை இன்றைய வரைபடத்தில் தேடினால் ஏமாறுவோம். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் இறுதியில்தான். அதற்கெனத் தனித் தொகுதி வந்ததும் 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான். ஆகவே வவுனியா உறுப்பினர் என்றால், இந்தச் செட்டிகுளத்துப் பாதையிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரை வரை, காடும் குளமும் இடையிடையே சிறு கிராமங்களுமாகப் பரந்து கிடந்த நிலத்துக்குப் பிரதிநிதி. கட்சிக் கிளை என்று ஒன்று அமைத்து நடத்த இங்கே ஆள் ஏது? ஆளுக்கு ஆள் அறிமுகம், கோயில் முகாமை, விதானைமார், ஆசிரியர்மார், கடைக்காரர் என்ற சங்கிலி வழியாகவே வாக்குகள் திரண்டன. அப்படிப்பட்ட தொகுதியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் சுயேச்சையாக வெல்வது வியப்பன்று. அமைச்சர் பதவியை இழந்த பின்னரும் அவரையே மீண்டும் மீண்டும் தெரிவு செய்தார்களே, அதுதான் எனக்கு விளங்காதிருந்தது.

பதவி போன கதை இது. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களாயினர். அதைத் தொடர்ந்து அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடும் நிபந்தனைகளோடு பிரஜாவுரிமை வழங்குவதற்கென்று கொண்டுவரப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலம் அவ்வாண்டு மார்கழியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அமைச்சராக இருந்த சுந்தரலிங்கம் வாக்களிக்காமல் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். இவர் விலகல் கடிதம் கொடுத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே பொன்னம்பலம் அமைச்சராகிவிட்டிருந்தார். அந்தப் பிணக்கில் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகமும் நாகநாதனும் வன்னியசிங்கமும் 1949 மார்கழியில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைக் கண்டனர். சுந்தரலிங்கம் அவர்களோடும் சேரவில்லை. எவரோடும் சேர்ந்து நெடுநாள் நடக்கும் இயல்பு அவருக்கு வாய்க்கவில்லை என்பதே என் கணிப்பு.

பின்னர் 1951இல், வாளேந்திய சிங்கத்தை நடுவில் வைத்துச் சிறுபான்மையினருக்கு இரு பட்டிகளை ஓரத்தில் ஒதுக்கிய தேசியக் கொடியை எதிர்த்துப் பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலில் வவுனியா அவரையே திருப்பி அனுப்பியது. 1952 பொதுத் தேர்தலிலும் வென்றார். சிங்களம் மட்டும் அரசகருமமொழியாகும் என்ற பேச்சு வலுத்த 1955இல், எதிர்ப்பாக மூன்று மாதம் சபைக்குப் போகாதிருந்தமையால் அவருடைய ஆசனம் வெற்றிடமாயிற்று. அதற்கு நடந்த இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். 1956 பொதுத் தேர்தலிலும் அவரே. ஒன்பது ஆண்டுகளுக்குள் மூன்று பொதுத் தேர்தல், இரண்டு இடைத்தேர்தல், ஐந்திலும் ஒரே மனிதர். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போவதும், வவுனியா மக்கள் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விடுவதும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துச் சிறிது நேரம் மென்றார்.

“மருமோன், அவர் குளம் கட்டித் தருவார் எண்டு ஆரும் போடயில்லை. கொழும்பில எழும்பி நிண்டு கதைக்க ஒருத்தர் வேணும். எங்கட ஐயா சொல்லுவார், ‘நாங்கள் இங்க குனிஞ்சு நாத்து நடுறம், அங்க ஒருத்தர் நிமிந்து நிக்கட்டும்’ எண்டு.”

இதைவிடத் தெளிவான அரசியல் விளக்கத்தை நான் படித்த கட்டுரைகளில் கண்டதில்லை. ஆயினும் அது பாதி விளக்கமே. நிமிர்ந்து நின்ற அவர் பேசிய மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அவருடைய கடிதங்களும் கண்டனங்களும் ஆங்கிலத்தில், பிரதமர்களுக்கும் பிரித்தானிய அதிகாரிகளுக்கும் எழுதப்பட்டவை. நாற்று நட்டவர்களுக்கும் அந்தக் கடிதங்களுக்கும் இடையில் பாலம் போட ஒரு கட்சி வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதை அவர் கட்டவில்லை. கட்டத் தொடங்கிய போது தொகுதி கைவிட்டுப் போகும் தறுவாயில் இருந்தது.

“1960இல நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள், மாமா?” என்றேன். முந்திய ஆண்டுதான் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது; அவருக்கு அது முதல் வாக்கு. மாமா எழுந்து, பட்டியில் கட்டியிருந்த கன்றுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று போய்விட்டார். திரும்பி வந்தபோது பேச்சு யானை வேலிக்கு மாறிவிட்டது.

மூன்றாம் நாள்: ஓமந்தை, மாங்குளம், கற்சிலைமடு

காலை பஸ்ஸில் ஏ9 வீதி வழியே வடக்கு நோக்கிப் பயணம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு குளத்தையோ ஒரு பழைய சோதனைச் சாவடியையோ நினைவுபடுத்தின. ஓமந்தையில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற காலத்தைப் பற்றிப் பக்கத்து இருக்கை அம்மா ஒருவர் பேசிக்கொண்டே வந்தார். அது வேறு கதை. இங்கே எழுதப் புகுந்தால் இந்தக் குறிப்பு முடியாது.

மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் பஸ்ஸில் ஏறிக் கற்சிலைமடுவில் இறங்கினேன். 1803 ஆவணி 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஐப்பசி 31இல் கப்டன் டிறிபேர்க் இவ்விடத்தில் தோற்கடித்தான் என்று வென்றவர்கள் நாட்டிய நடுகல் இவ்வூரின் பெயரோடு கலந்துவிட்டது. தோற்ற இடத்தையே நாம் நினைவிடமாக்கிக்கொண்டோம். வென்றவன் பெயரை அந்தக் கல்லுக்காக மட்டுமே உச்சரிக்கிறோம்.

வன்னிக்கு அடங்காப்பற்று என்ற பழம்பெயர் உண்டு. பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் ஒழுங்காகத் திறை கட்டாமல், கட்டுவதாக ஒப்புக்கொண்ட யானைகளையும் கொடாமல், காட்டைக் காவலாக வைத்து வாழ்ந்த வன்னிபங்கள் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் நிலம் இது. சுந்தரலிங்கத்துக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘அடங்காத் தமிழன்’. நிலத்தின் பெயரும் மனிதரின் பெயரும் இப்படிப் பொருந்தியதைக் கண்டு மகிழ்ந்துதான் நான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். பொருத்தம் அவ்வளவு சரியானதன்று என்பது இப்போது தெரிகிறது. வன்னியர் அடங்காதிருந்தது கூட்டமாக; பேராசிரியர் அடங்காதிருந்தது தனியாக.

கட்சி தோன்றிய சூழலைச் சொல்ல வேண்டும். 1956 ஆனி 5இல் தனிச்சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 1957 ஆடி 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் பிரதேச சபைகள் அமைப்பதென ஒப்பந்தம் செய்தனர். 1958 சித்திரையில் பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாடெங்கும் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது. அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டு, தமிழரசுக் கட்சியும் தடை செய்யப்பட்டது. கொழும்பிலிருந்து தமிழர் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். கப்பலில் ஏற்றி அனுப்பும் இடம் ஒன்று தனியே இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்ற தருக்கம் அப்போது பலர் வாயிலும் அடிபட்டது. சமஷ்டி (கூட்டாட்சி) என்று கேட்பது இனி வீண், பிரிந்து போவதே வழி என்ற முடிவுக்குச் சுந்தரலிங்கம் வந்திருந்தார். 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியை அமைத்தார். தனிநாட்டுக் கோரிக்கையைத் தேர்தல் அரசியலுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தவர்களில் அவரே முதல்வர் என்று கொள்வோர் பலர். ‘ஈழம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது மற்றவர்களைப் போல எழுதாமல், ஈ, வை, எல், ஓ, எம் என்று தமக்கென ஓர் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டார். அதில்கூட அவர் தனியர்தான்.

‘ஒற்றுமை’ என்று பெயரில் வைத்த கட்சி, இருந்த பெரிய கட்சியோடு ஒன்றாமல் எழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1960 பங்குனி 19ஆம் திகதித் தேர்தலில், புதிய தொகுதி நிர்ணயத்தின்படி 145 தொகுதிகளும் 151 ஆசனங்களுமாகப் பாராளுமன்றம் விரிந்திருந்தது. கிளிநொச்சிக்கு முதன்முறையாகத் தனித் தொகுதி கிடைத்தது. தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களை வென்றது. வவுனியாவில் சுந்தரலிங்கத்தைத் தோற்கடித்தவர் தா. சிவசிதம்பரம், உடுப்பிட்டியில் வென்ற மு. சிவசிதம்பரத்தோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. வவுனியாவில் வென்ற இவர் சுயேச்சை. சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சிக்கும் இல்லை, தனிநாட்டுக் கட்சிக்கும் இல்லை என்று வவுனியா விடை சொன்னது. அந்தத் தொகுதியைப் பேராசிரியர் பின்னர் மீட்கவேயில்லை.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலை மாலையில் வெளியே நின்று கும்பிட்டேன். நடை சாத்தியிருந்தது.

நான்காம் நாள்: முள்ளியவளை, வற்றாப்பளை

கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தமையால் வற்றாப்பளை வீதியில் பந்தற் கால்களின் குழிகள் இன்னும் மூடப்படாமல் இருந்தன. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து வரும் பண்டங்களும், கடல்நீரில் எரியும் விளக்கும், நந்திக்கடலின் உப்புக்காற்றும் சேர்ந்த அந்த இரவைச் சிறுவயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்று கோயில் வெறிச்சோடிக் கிடந்தது. கடலேரிப் பக்கம் பார்த்தபடி அதிக நேரம் உட்கார எனக்கு மனம் இடந்தரவில்லை. இந்த நீரைப் பார்த்து 2009இன் இறுதிப் போரை நினையாதிருக்க எவராலும் இயலாது.

கோயில் வாசலில் இருந்துகொண்டுதான் இந்தக் கட்சித் தலைவரின் வரலாற்றில் எனக்கு மிகவும் இடறலான பகுதியை எழுதுகிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை உள்ளே விடாது தடுத்து நின்றவர்களின் முன்னணியில் அப்போது எழுபதைத் தாண்டியிருந்த சுந்தரலிங்கம் நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அது கடைசியில், அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. ஆகம விதி, மரபு, கோயிலின் உரிமை என்று அவர் வாதாடினார். மொழியின் பேரால் ஒரு மக்களை வாசலில் நிறுத்துவது அநீதி என்பதை ஆங்கிலத்தில் அத்தனை கூர்மையாக எழுதிய கை, பிறப்பின் பேரால் சொந்த மக்களை வாசலில் நிறுத்த நீண்டது. அவரைப் போற்றி எழுதுவோர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவரைத் தூற்றுவோர் இதைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. 1948இல் தோட்டத் தொழிலாளருக்காகப் பதவியை எறிந்தவரும் 1968இல் வாசலில் நின்றவரும் ஒரே மனிதர் என்பதை ஒரே பக்கத்தில் எழுதத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விடயம். இதே போராட்டத்தின் போது தமிழரசுக் கட்சியும் முன்னால் வந்து கதவைத் திறக்கவில்லை. வாசலில் இருந்தவர்களோடு நின்றவர்கள் இடதுசாரிகளே, அவர்களிலும் குறிப்பாகப் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட்டுகள்.

ஐந்தாம் நாள்: கிளிநொச்சி

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து, பாரதிபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. நண்பரின் பாட்டி மலையகத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் குடும்பத்தோடு இறங்கி வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டவர்களில் ஒருவர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்படி வந்து குடியேறியவர்களின் கிராமங்கள் நிறைய. வவுனியாப் பக்கத்தில் 1970களில் காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பின்னுக்கு வைத்தது. அந்தப் பங்கீட்டுக்கெல்லாம் முதற் கணக்கு 1948இல் போடப்பட்டது. உங்களுக்காக ஒருவர் அப்போது அமைச்சர் பதவியை விட்டார், அவரைத் தெரியுமா என்று பாட்டியிடம் கேட்டேன். “தொண்டமான் ஐயாவா?” என்றார். இல்லை என்று பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டி, “அப்படி ஒருத்தரு இருந்தாரா, நல்லா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

சிறு கட்சிகளின் கதை சுந்தரலிங்கத்தோடு நிற்கவில்லை. ஊர்காவற்றுறை உறுப்பினரும் தமிழரசுக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவருமான வி. நவரத்தினம், 1968இல் தோட்டத் தொழிலாளரைப் பாதிக்கும் சட்டமூலம் ஒன்றில் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் விலக்கப்பட்டு, 1969இல் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970 தேர்தலில் கழகம் ஓரிடமும் பெறவில்லை. அவரும் தம் தொகுதியை இழந்தார். அதே தேர்தலில் சுந்தரலிங்கம் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார். தனிநாடு கேட்போருக்கு வாக்களிக்க வேண்டாம் என்பதே அப்போது தமிழரசுக் கட்சியின் நிலைப்பாடு. இரு சிறு கட்சிகளையும் தோற்கடித்த அந்தப் பெரிய கட்சி, 1972இன் குடியரசு அரசியலமைப்புக்குப் பின், 1976 வைகாசி 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில், தமிழ்க் காங்கிரஸ் முதலிய கட்சிகளோடு சேர்ந்து தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற பெயரில், சுதந்திரமும் இறைமையும் கொண்ட மதச்சார்பற்ற சமதர்மத் தமிழீழ அரசு வேண்டும் என்று தீர்மானித்தது. மறு ஆண்டு 18 ஆசனங்கள் பெற்றது. அவற்றுள் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி நான்கும் அடங்கும். வவுனியாவில் வென்றவர் அதே தா. சிவசிதம்பரம், 1960இல் தனிநாட்டுக் கட்சித் தலைவரைத் தோற்கடித்தவர், இப்போது தனிநாட்டுக் கோரிக்கையின் வேட்பாளராக.

தீர்மானத்தில் இன்னொரு வாசகமும் உண்டு: தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமையும் பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வும் சட்டத்தால் தண்டிக்கப்படும் என்பது. தம் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் தாம் மாவிட்டபுரத்தில் நின்ற நிலையைத் தள்ளிவிட்டதைப் பேராசிரியர் பார்த்துவிட்டே போனார். அவர் இறந்தது 1985 மாசி 11ஆம் திகதி. அப்போது இந்த வீதிகளில் தேர்தல் பேசுவோர் எவரும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியபோது கைபேசி ஒலித்தது. மாமா.

“மருமோன், அண்டைக்கு நீர் கேட்டனீரெல்லோ. 1960.”

“ஓம் மாமா.”

“நான் ஒருத்தருக்கும் போடயில்லை.”

ஏன் என்று கேட்டேன்.

“சனிக்கிழமை அது. களத்தில எங்கட நெல்லுச் சூடு மிதிச்சுக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு எருமை பூட்டினது, மழை வேற இருட்டிக்கொண்டு வருது. ஐயா சொன்னார், ‘ஏறின சூட்டை இடையில விட்டிட்டுப் போகக்கூடாது, பொலியைக் கூட்டு’ எண்டு. கூட்டி முடிய விளக்கு வைக்கிற நேரமாப் போச்சு.”

“விளைச்சல் எப்பிடி மாமா?”

“பரவாயில்லை,” என்றார். “அந்த வருசம் பரவாயில்லை.”